பாக்கியத்துக்காகப் பேசியவர்கள்

பயிற்சிக்கு ஒதுக்கிய நிதி தீர்ந்ததும் அலுவலகங்களுக்கு ஓய்வு பெற்றவர்களின் நினைவு வரும். "மேடம், உங்க அனுபவத்தைப் புதுசா வந்தவங்களுக்கு எழுதித் தர முடியுமா?" என்று சென்ற வாரம் ஓர் அழைப்பு வந்தது. முடியும் என்றேன். எனக்கு வேறு வேலையில்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

நேர்காணலுக்கு ஒப்புதல் வாங்குவது எப்படி, பதிவுகளைப் பத்திரப்படுத்துவது எப்படி என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அவை கையேட்டில் இருக்கின்றன. அந்தக் கையேட்டில் பாதி நான் எழுதியது. முழுதாகப் படித்த ஒரே ஆளும் அநேகமாக நான்தான். எல்லா விதிகளையும் சரியாகப் பின்பற்றிய ஒரு வேலை எப்படித் தவறான முடிவுக்குப் போய்ச் சேரப் பார்த்தது என்பதை மட்டும் சொல்கிறேன். விதியை மீறிச் செய்யும் தவறை மேலதிகாரி கண்டுபிடித்துவிடுவார். விதிப்படி செய்யும் தவறுக்குப் பாராட்டுக் கடிதம் கிடைக்கும்.

அப்போது நம் அலுவலகம் பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. பதினொரு மணிக்கு மேல் ரசவாசனை வந்துவிடும். அதன் பிறகு யாரும் ஆழ்ந்து சிந்தித்ததாக எனக்கு நினைவில்லை. எங்களிடம் வந்த வேலை, இனிப்புநீர் உள்ளவர்கள் இன்சுலின் ஊசியை நேரத்துக்குப் போட்டுக்கொள்ள உதவும் ஒரு கைப்பேசிச் செயலி. கருவியைச் செய்வதற்கு முன் மக்களிடம் பேச வேண்டும் என்பது முறை. செயலியின் பாதி ஏற்கெனவே தயாராகிவிட்டது என்பது நடைமுறை.

கவிதா என்ற இளம் ஆய்வாளர் கிள்ளான், காப்பார், சுங்கை வே என்று வீடு வீடாகப் போய்த் தமிழில் பேசிப் பதிவு செய்து வந்தாள். பதிவுகள் ஒரு வெளி நிறுவனத்துக்குப் போய் எழுத்தாகவும், பிறகு ஆங்கிலமாகவும் மாறித் திரும்பி வந்தன. எங்கள் குழுவில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. வந்த பக்கங்களிலிருந்து முக்கியமான வரிகளை எடுத்து, ஒட்டுத்தாள்களில் எழுதி, சுவரில் ஒட்டி, ஒன்றுபோல் இருப்பவற்றை ஒன்று சேர்த்தோம். ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு தலைப்பு வைத்தோம். ஆய்வு என்று நீங்கள் படித்துவிட்டு வருவது பெரும்பாலும் இதைத்தான்.

சுவரில் மிகப் பெரிய குவியலின் தலைப்பு 'மறதி'. "ஊசி போட மறந்துவிடுகிறது", "சொன்னால்தான் ஞாபகம் வருகிறது", "வயதாகிவிட்டது, என்ன செய்வது". தாள்கள் சன்னல் விளிம்புவரை போயின. ஒரு கட்டத்தில் புதிதாக எதுவும் வரவில்லை. எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். நம் தொழிலில் அப்படி வந்தால் 'போதும், நிறுத்தலாம்' என்று பொருள். நிறுத்தினோம். மறதிக்கு மருந்து, நினைவூட்டல். நேரம் வந்ததும் கைப்பேசி மணியடிக்கும். அதன் பிறகும் ஊசி போட்டதற்கான பொத்தானை அழுத்தவில்லை என்றால், குடும்பத்தில் ஒருவரின் கைப்பேசியில் சிவப்பு வட்டம் தோன்றும். அந்தச் சிவப்பு வட்டத்தின் மேல் எங்கள் திட்டத் தலைவருக்குத் தனி மோகம். அவர் மருத்துவர், நல்ல மனிதர், சுருக்கமான விஷயங்களை விரும்புபவர்.

வெள்ளிக்கிழமை நிதி தருபவர்கள் முன்னால் செயலியைக் காட்டுவதாக ஏற்பாடு. தொடக்கத்தில் ஒரு நோயாளியின் சொந்தக் குரலை ஒலிக்கவிட்டால் மனதைத் தொடும் என்றார் தலைவர். அந்தத் துண்டை வெட்டித் தரும் வேலை யீ லிங்கிடம் போனது. அவள் எங்கள் குழுவின் இன்னொரு ஆய்வாளர். தமிழில் அவளுக்குத் தெரிந்தது 'சாப்டாச்சா' ஒன்றுதான்.

காப்பாரைச் சேர்ந்த பாக்கியம் என்ற பெண்மணியின் பதிவு தேர்வாகியிருந்தது. எழுத்துப் பக்கத்தில், 'ப' என்ற அடையாளத்துக்கு எதிரே, தெளிவாக இருந்தது: "மறதி அதிகம். ஊசி போட்டதா இல்லையா என்பதே ஞாபகம் இருக்காது." 'கே' என்றால் கேட்பவர், 'ப' என்றால் பதில் சொல்பவர். யீ லிங் நிமிடக் கணக்கைப் பார்த்து அந்த இடத்தை எடுத்தாள், கேட்டாள், மறுபடியும் கேட்டாள், காதிலிருந்து கருவியைக் கழற்றினாள்.

"சியாப்பா நி?" என்றாள். மலாயில், யார் இது என்று.

"பாக்கியம் ஆன்டி," என்றாள் கவிதா, தலை நிமிராமல்.

"ஆன்டிக்கு ஆம்பிளைக் குரலா?"

கவிதா வந்து கருவியைக் காதில் வைத்துக் கேட்டாள். "ஓ, இது அவங்க மகன். பக்கத்திலதான் உக்காந்திருந்தாரு. வேலை முடிஞ்சு வந்திருந்தாரு, பாவம்."

"அப்ப ஆன்டி எங்க?"

"அவங்களும் பக்கத்திலதான் இருந்தாங்க."

யீ லிங் அவளை ஏதோ மாதிரி பார்த்தாள். மொழி தெரியாததால் அவளுக்குக் குரல் மட்டும்தான் கேட்டது. மொழி தெரிந்த எங்களுக்குச் செய்தி கேட்டது, குரல் கேட்கவில்லை.

கவிதாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நீங்களும் நம் வீடுகளில் வளர்ந்தவர்கள்தானே. விருந்தாள் வந்து ஒருவரின் உடம்பைப் பற்றி விசாரித்தால், அந்த உடம்புக்குச் சொந்தக்காரர் பேசுவது வழக்கமில்லை. கணவனின் நெஞ்சுவலியை மனைவி சொல்வார். மனைவியின் முட்டிவலியை மகள் சொல்வாள். சம்பந்தப்பட்டவர் தலையாட்டிக்கொண்டு பிஸ்கட் தட்டை நம் பக்கம் நகர்த்துவார். அது பாசம். அக்கறை இருக்கிறது என்று வெளியாளுக்குக் காட்டும் மரியாதையும் கூட. அந்த அறையில் உட்கார்ந்திருந்த கவிதாவுக்கு அதில் குறித்துவைக்க ஒன்றுமில்லை. காற்றாடி சுற்றுவதைக் குறித்துவைப்போமா? பதிவை எழுதிய நிறுவனமும் வழக்கப்படி நடந்தது. கேட்பவரின் குரல் தவிர மற்ற எல்லாக் குரல்களும் 'ப' ஆயின. முழு வீடும் ஓர் ஆளாகிவிட்டது.

கவிதா முதலில் சண்டைக்கு வந்தாள். "யார் சொன்னா என்னா மேடம்? விஷயம் ஒண்ணுதானே. மகனுக்குத் தெரியாதா, அம்மா மறக்கிறாங்களா இல்லையான்னு?"

"தெரியலாம். நீ கேட்டது யாரை?"

'மறதி'க் குவியலில் இருந்த எல்லா வரிகளையும் எடுத்துப் பதிவில் மறுபடி கேட்கச் சொன்னேன். அன்று மாலைவரை கேட்டோம். கவிதா குரலை அடையாளம் சொன்னாள். யீ லிங் சுவரிலிருந்து தாள்களைக் கழற்றி எதிர்ச்சுவரில் ஒட்டினாள். மகன், மருமகள், மனைவி, ஓரிடத்தில் பக்கத்து வீட்டுக்காரர். கடைசியில் சன்னலோரம் மிச்சமிருந்த தாள்களை மூவரும் எண்ணினோம். நோயாளியே தம் வாயால் 'மறந்துவிடுகிறேன்' என்று சொன்ன தாள்கள் மிகச் சில. அவற்றிலும் பாதி, வீட்டார் சொன்ன பிறகு "ஆமா, ஆமா" என்று ஒத்துக்கொண்டவை.

பாக்கியத்தின் பதிவில், மகன் அந்த மறதி வாக்கியத்தைச் சொன்னதும் ஒரு கோப்பை நகரும் ஓசை கேட்டது. பிறகு ஒரு பெண்குரல்: "தேத்தண்ணி ஆறிப்போகுது, குடிங்க."

இந்த வரி எழுத்துப் பக்கத்தில் இல்லை. ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்று நீக்கியிருந்தார்கள். அந்த நேர்காணலில் தம் ஊசியைப் பற்றிப் பாக்கியம் சொன்ன ஒரே பதில் அதுதான்.

தலைவரிடம் போனேன். "வேற ஒரு துண்டு தேடுங்க மேடம்," என்றார். "ஒரு குரல் மாறிப்போச்சு, அவ்வளவுதானே. தலைப்பு மாறலியே."

"தலைப்பே மாறலாம்."

"வெள்ளிக்கிழமைக்கு முன்னால மாறாது." சொல்லிவிட்டுச் சிரித்தார். "உங்களுக்குச் சந்தேகம்னா பேசிப் பாருங்க. வெள்ளிக்கிழமை காலையில சிவப்பு வட்டம் இருக்கா இல்லையான்னு எனக்கு ஒரு பதில் போதும்."

கவிதா பாக்கியத்தைக் கூப்பிட்டாள். கைப்பேசியை எடுத்தது மருமகள். பிறகுதான் பாக்கியம் வந்தார். இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், எங்கே வரட்டும் என்று கேட்டபோது, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "சாயங்காலம் பேத்தியோட டியூஷன் வாசல்ல நிப்பேன். அங்க வாங்க. வீட்டுக்கு வேணாம்." வீட்டுக்கு வேண்டாம் என்றதையே நான் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

காப்பாரில் ஒரு கடைவரிசையின் மாடியில் டியூஷன். கீழே, கடைகளின் முன்நடையான ஐந்தடியில் நாலைந்து மோட்டார் சைக்கிள்களோடு தாத்தா பாட்டிகள் காத்திருந்தார்கள். பாக்கியம் தம் மோட்டார் இருக்கையில் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். முன்கூடையில் சிறிய ஊதா நிறத் தலைக்கவசம். செருப்புப் போட்ட வலது காலில் கட்டைவிரலைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தார்.

"என்னா மேடம், அதே கேள்விதானா? அன்னைக்கு மகன்தான் எல்லாம் சொல்லிட்டானே."

"அவரு சொன்னாரு அக்கா. நீங்க சொல்லலையே."

"நான் சொல்லி என்னா ஆவப்போகுது?"

"நெசமாவே மறந்திடுவீங்களா?"

அவர் கவிதாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "இந்த ரோட்டுல எந்தச் சாக்கடை மூடி உடைஞ்சிருக்குன்னு கேளுங்க, வரிசையா சொல்றேன். மறதியாம், மறதி."

பிறகு மாடிப்படியை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார். முன்பு ஒருநாள், கிளினிக் தாதி மிஸ்ஸி சொன்ன நேரத்துக்கு ஊசி போட்டுவிட்டுத் தட்டை எடுக்கப் போனபோது மருமகளிடமிருந்து போன். டியூஷன் சீக்கிரம் விட்டுவிட்டது, பிள்ளை தனியாக நிற்கிறது. உடனே சாப்பிடாவிட்டால் அந்த ஊசி சர்க்கரையை மளமளவென்று இறக்கிவிடும்; சாப்பிடாமலே மோட்டாரை எடுத்திருக்கிறார். திரும்பும் வழியில் கை நடுங்கி, வேர்த்து, எதிரே வந்த லோரியின் விளக்கு இரண்டு மூன்றாகத் தெரிந்ததாம்.

"எப்படியோ ஓரங்கட்டிட்டேன். பீசாங் கோரேங் கடை ஒண்ணு. கடைக்கார மக்சிக் என் மூஞ்சியைப் பார்த்துட்டு ஒண்ணும் கேக்கல, சிரப் தண்ணி கலக்கி வாயில ஊத்துச்சு. பேத்திக்கு ஒண்ணும் புரியல. பலகாரம் வாங்கத்தான் நிறுத்தினேன்னு நெனைச்சிக்கிட்டு, பாட்டி இன்னும் ரெண்டு வாங்குங்குது."

"வீட்ல சொன்னீங்களா ஆன்டி?" என்றாள் கவிதா.

"எதுக்கு? சாவியைப் பிடுங்கவா? அன்னைலேருந்து மோட்டார் எடுக்கிற நாள்ல சாயங்கால ஊசி கிடையாது. மகன் வந்து பார்ப்பான், ஏம்மா போடலைன்னு கேப்பான். மறந்துட்டேன்டான்னு சொல்லிடுவேன். நல்லா திட்டுவான், அதோட முடிஞ்சிரும். திட்டு எனக்குப் பழகிப்போச்சு லா."

கணவர் இறந்த பிறகு பிழைப்புக்காக ஓட்டக் கற்றுக்கொண்ட மோட்டார் அது என்பதைப் பிறகுதான் சொன்னார். இப்போது அந்த வீட்டில் அவர் இல்லாமல் நடக்காத ஒரே காரியம் பேத்தியைக் கூட்டி வருவது. சமையலை மருமகள் எடுத்துக்கொண்டார், நல்ல எண்ணத்தில்தான். சாமான் வாங்குவதை மகன் எடுத்துக்கொண்டார். அதுவும் நல்ல எண்ணம்தான்.

நான் கால் கட்டைப் பார்த்தேன். "புண்ணு ஆறலையா?"

"ஆறும்," என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எங்கள் கையில் இப்போது இருந்தது தகவல் அல்ல, ஒரு மனுஷியின் இரகசியம். இரகசியம் காப்போம் என்று கையெழுத்துப் போட்டுத்தான் பேசச் சொல்கிறோம். அதே தாளில், பிறருக்கு ஆபத்து என்றால் அந்த வாக்குறுதி செல்லாது என்று இன்னொரு வரியும் இருக்கிறது. அந்த வரியை எழுதியவள் நான். எழுதும்போது எதிரே ஊதா நிறத் தலைக்கவசம் இல்லை. வரி சுலபமாக வந்தது. மகனிடம் போய்ச் சொன்னால் விதிப்படி சரி. அதன் பிறகு காப்பாரில் யாரும் நமக்கு உண்மை சொல்லமாட்டார்கள் என்பது ஒரு பக்கம், பாக்கியம் யாருக்குமே சொல்லமாட்டார் என்பது இன்னொரு பக்கம். சொல்லாமல் வந்துவிட்டால், அந்தக் கால் புண்ணும் பின்னிருக்கையில் உட்காரும் பிள்ளையும் என் தூக்கத்தில் வந்து நிற்கும்.

"இன்னைக்கு ஊசி போட்டீங்களா?"

"இல்லை. மோட்டார் எடுத்திருக்கேனே."

அன்றைய பயணத்துக்கு அது போதுமான பதில். "மகன்கிட்ட நாங்க சொல்ல மாட்டோம்," என்றேன். "ஆனா கிளினிக்ல மிஸ்ஸிகிட்ட நீங்க சொல்லணும். ஊசி நேரத்தை மாத்த முடியும். வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டு முன்னால உக்காந்து போட்டுக்கலாம். மோட்டார் எடுக்கும் முன்னால விரல்ல குத்திச் சர்க்கரையைப் பார்த்துக்கலாம். இதெல்லாம் அவங்களுக்குத் தெரியும். உங்களுக்கு இப்படி ஆச்சின்னுதான் தெரியாது."

"மிஸ்ஸி மகன்கிட்ட சொன்னா?"

"சொல்லக் கூடாதுன்னு நீங்க கேக்கலாம்."

"கேட்டா கேக்குமா?" அவர் சற்று நேரம் சாவியை விரலில் சுற்றினார். "நாளைக்கு எனக்கு கிளினிக் இருக்கு. நீங்களும் வாங்க. நான் மட்டும் போனா ஆமா ஆமான்னு சொல்லிட்டு வந்துடுவேன்."

பேத்தி படியிறங்கி ஓடி வந்து, எங்களைப் பொருட்படுத்தாமல் பின்னால் ஏறி, பாட்டியின் இடுப்பைக் கட்டிக்கொண்டது. பாக்கியம் தலைக்கவசத்தின் வாரை அதற்கு மாட்டிவிட்டு, "சரியா பிடிச்சிக்கோ," என்றார்.

மறுநாள் கிளினிக்கில் பாக்கியம் தனியாக இல்லை. மகன் சேகர் விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவைக் காரில் கூட்டி வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அவருக்கு மகிழ்ச்சி. நாங்கள் செயலிக்காக வந்திருக்கிறோம் என்று அவரே முடிவு செய்துகொண்டார். அக்கறை நம் வீடுகளில் சொல்லிவிட்டு வருவதில்லை. நான் பாக்கியத்தைப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்றைக்கு ஒன்றும் நடக்காது என்று நினைத்தேன்.

தமிழ்த் தாதி, நல்ல பெண். சர்க்கரை அளவைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். "ஆன்டி, ஏன் சாயங்கால ஊசி விட்டுப்போகுது?"

"மறதி மிஸ்ஸி," என்றார் சேகர். "சொல்லிச் சொல்லிப் பார்த்தாச்சு. இவங்க ஆப் வந்துட்டா நல்லது. ஊசி போடலைன்னா என் போன்ல சிவப்பு வட்டம் வரும்னு சொன்னாங்க, அது வந்துச்சுன்னா மோட்டார் சாவியை வாங்கி வச்சிடலாம்னு இருக்கேன். இந்த மறதியோட ரோட்டுல போறது ஆபத்து இல்லையா?"

"எவ்வளவு நாளா இப்படி?" தாதி கணினியில் எழுதத் தொடங்கினாள். "பேரு, வழி, இதெல்லாம் மறக்கிறாங்களா அண்ணே? ஞாபகசக்தி சோதனைக்கு ஒரு தேதி போட்டுத் தரேன். எதுக்கும் பார்த்துடலாம்."

தவறாக ஒன்றும் சொல்லவில்லை அவள். எங்கள் சுவரில் நடந்ததுதான் அங்கேயும் நடந்தது. யாரோ சொன்ன ஒரு சொல் குறிப்பில் ஏறி, குறிப்பு சோதனையாகி, இனிப்புநீர் நோயாளியான ஒரு மனுஷி மறதி நோயாளியாகவும் மாறிக்கொண்டிருந்தார். அவர் அங்கேயே உட்கார்ந்திருக்கும்போது. சிவப்பு வட்டம் இருந்திருந்தால் அதற்கு மாதக்கணக்கில் சாட்சியும் சேர்ந்திருக்கும்.

கவிதா வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். பாக்கியத்துக்காகப் பேச அந்த அறையில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள்.

"நான் மறக்கல," என்றார் பாக்கியம்.

"இல்லம்மா, மிஸ்ஸி நல்லதுக்குத்தான்..."

"சேகரு, கொஞ்சம் சும்மா இரு. மிஸ்ஸி, அதை எழுதாதீங்க. நான் மறக்கல. வேணும்னேதான் போடல." பிறகு எங்களிடம் சொன்னதையெல்லாம் சொன்னார். லோரியின் விளக்கு, சிரப் தண்ணி, எதையும் குறைக்கவில்லை. சொல்லும்போது தாதியையே பார்த்தார். மகன் பக்கம் திரும்பவில்லை.

சேகர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பாப்பா பின்னாடி உக்காந்திருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவர் எழுந்து வெளியே போனார். தாதி எழுதியதை அழித்தாள். ஊசி நேரத்தையும் அளவையும் பற்றி மருத்துவரிடம் பேசி மாற்றிக் கொடுத்தாள். கிளம்பும் முன் என்ன சாப்பிட வேண்டும், எப்போது விரலில் குத்திப் பார்க்க வேண்டும், கைப்பையில் என்ன வைத்திருக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். பாக்கியம் எல்லாவற்றையும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டு திருப்பிச் சொன்னார். கார் நிறுத்துமிடத்தில் மகன் தனியாக நின்றுகொண்டிருந்தார். எங்களிடம் விடைபெறும்போதும் மரியாதையாகத்தான் பேசினார்.

அன்று மீதி நேரம் முழுவதும் கவிதா போனில் இருந்தாள். வீட்டார் பேசிய மற்ற பதிவுகளின் சொந்தக்காரர்களைத் தனியே பிடிக்க முயன்றாள். பிடிபட்டவர்கள் சிலர்தான். ஆனால் ஆளுக்கொரு காரணம் இருந்தது. ஒருவர் காவலாளி, காவல் கூண்டில் சட்டையைத் தூக்கி ஊசி போட அவருக்குக் கூச்சம். இன்னொருவருக்கு, மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் மருந்துப்பை தெரியக்கூடாது. வீட்டில் இருவருமே மறதி என்று சொல்லி வைத்திருந்தார்கள். மறதி என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை, அதனால்.

வெள்ளிக்கிழமை காலை தலைவர் என் பதிலைக் கேட்டார். "சிவப்பு வட்டம் வேண்டாம்," என்றேன். பெயர் சொல்லாமல் நடந்ததைச் சொன்னேன்.

"ஒருத்தர் சொன்னதுக்காக எல்லாத்தையும் மாத்தறதா?"

"ஒருத்தரும் சொல்லாததை வச்சுத்தான் டாக்டர் இவ்வளவு நாள் கட்டினோம்," என்றாள் கவிதா. அந்த வாரத் திங்கட்கிழமை என்னோடு சண்டை போட்டவள்தான். ஆய்வாளருக்கு வேண்டிய குணம் அது ஒன்றே என்று நான் நினைக்கிறேன்.

தலைவர் அன்றைய நிகழ்ச்சித் தாளை எடுத்து ஒரு வரியை அடித்தார். நல்ல மனிதர் என்று முன்பே சொன்னேன். சிவப்பு வட்டம் அன்று காட்டப்படவில்லை. அதன் இடத்தில், ஊசி போடாத நாளில் ஏன் என்று கேட்கும் ஒரு கேள்வியும், அந்தப் பதிலை யார் பார்க்கலாம் என்பதை ஊசி போடுபவரே தேர்ந்தெடுக்கும் வசதியும் வரும் என்று சொன்னோம். நிதி தருபவர்களில் ஒருவர், மணியடிக்கும் ஒலியை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். முடியும் என்றதும் எல்லோருக்கும் திருப்தி.

இதோடு நிறுத்தினால் உங்களுக்கு நல்ல பயிற்சிக் கட்டுரை கிடைக்கும். குரல் யாருடையது என்று பார். நீக்கிய வரியைத் திரும்பக் கேள். எல்லோரும் ஒன்றையே சொன்னால் மகிழாதே, யார் முன்னிலையில் சொன்னார்கள் என்று கேள். எல்லாம் சரி. இப்போது கையேட்டிலும் இருக்கிறது.

சில மாதங்கள் கழித்து, சோதனை ஓட்டத்தில் சேர்ந்தவர்களைப் பார்க்கக் காப்பாருக்குப் போனோம். பாக்கியத்தின் சர்க்கரை அளவு நன்றாக இறங்கியிருந்தது. கால் புண் ஆறிவிட்டது. செயலியை முறையாகப் பயன்படுத்துபவர்களில் அவர் முதல் வரிசை. சேகர் எங்களுக்கு நன்றி சொன்னார். பிறகு, யாரும் கேட்காமலே, "அம்மாவே பேசட்டும்," என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். மருமகளும் உள்ளே போய்விட்டார். கூடத்தில் நாங்கள் மூவர் மட்டும். ஓர் ஆய்வாளர் இதற்கு மேல் என்ன கேட்க முடியும்?

மோட்டார் வாசலில் நின்றது. சாவி அவரிடமே இருந்தது. பாசாருக்கும் கோயிலுக்கும் போய்வருகிறாராம்.

"ஆப் எப்படி இருக்கு ஆன்டி?" என்றாள் கவிதா.

"நல்லா இருக்கு. ஏன் போடலைன்னு கேக்குது. நான் இப்ப எல்லா நாளும் போட்டுடுறேன், அதனால அது ஒண்ணும் கேக்கறதில்ல."

"வேற ஏதாச்சும் மாத்தணுமா?"

பாக்கியம் யோசித்தார். அவர் குரலில் கோபம் இல்லை. கணக்குச் சொல்வதுபோல்தான் சொன்னார். "அப்ப எல்லாரும் எனக்காகப் பேசினாங்க, பேத்தி என்கூட வந்துச்சு. இப்ப நானே பேசுறேன். அது வேன்ல வருது."

கவிதாவின் பேனா நின்றுவிட்டது. இந்த வாக்கியத்தை எந்தத் தலைப்பின்கீழ் வைப்பது என்று அவள் என்னைப் பார்த்தாள். 'பயன்பாட்டில் நிறைவு' என்று ஒரு தலைப்பு இருந்தது. 'மேம்படுத்த வேண்டியவை' என்று ஒன்று இருந்தது. அறிக்கையில் அது இரண்டிலும் வரவில்லை. நான் எதிர்த்துப் பார்த்தேன். தனியொரு வரிக்கு ஒரு தலைப்பு வைக்க முடியாது என்றார்கள். முறைப்படி அது சரிதான். நம்மிடம் உண்மை சொல்பவர் அதற்கான விலையைத் தம் வீட்டில் கொடுக்கிறார், நம் அலுவலகத்தில் அல்ல. அந்த விலைக்கு நம் சுவரில் இன்னும் இடமில்லை. நீங்கள் வைப்பீர்களா என்று தெரியாது. வைக்க முயலுங்கள் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

வாசலில் வேன் வந்து நின்றது. பேத்தி இறங்கியதும் திரும்பி நின்று, வேனுக்குள் இருந்த தோழிகளுக்குக் கையசைத்துச் சிரித்தது. பாக்கியம் எங்களிடம், "இருங்க, வந்துடுறேன்," என்று சொல்லிவிட்டு, புத்தகப்பையை வாங்கிக்கொள்ளப் படலைவரை நடந்து போனார்.